ஓஸ் பைப் ஒழுகுகிறதா? வீட்டிலேயே சரிசெய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே இரண்டு தென்னை, ஒரு முருங்கை, மாடியில் நாற்பது தொட்டிகள். இத்தனைக்கும் தண்ணீர் காட்டுவது ஒரே ஓஸ் பைப்தான். அதை வெயிலில் காயப்போட்டு, பைக் ஏற்றி, மண்வெட்டியால் கொத்தி, எத்தனை விதமாக ஒழுகவைக்க முடியுமோ அத்தனை விதமாகவும் ஒழுகவைத்திருக்கிறேன். ஒரு காலத்தில் அதன் மேல் ஏழு கட்டுகள் இருந்தன. தண்ணீர் செடிக்குப் போனதைவிட என் வேட்டிக்குப் போனதே அதிகம். இப்போது தெருவில் யார் வீட்டு ஓஸ் ஒழுகினாலும் என்னிடம் கேட்கிறார்கள். திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். ஓஸ், டியூப், ரப்பர் பைப், கார்டன் பைப் என்று ஊருக்கு ஒரு பெயர் உண்டு. சைக்கிள் டியூபும் இந்தக் கதையில் வருவதால், குழப்பம் வேண்டாம் என்று ஓஸ் என்றே எழுதுகிறேன்.

எங்கே ஒழுகுகிறது என்பதே தெரியவில்லை. ஓஸ் முழுக்க ஈரமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் இரண்டு முனைகளையும் பாருங்கள். குழாயில் மாட்டிய இடம் ஒன்று, கன் (விசையை அழுத்தினால் தண்ணீர் பீய்ச்சும் துப்பாக்கி) அல்லது பூவாளித் தலை மாட்டிய இடம் இன்னொன்று. என்னிடம் வந்த ஒழுகல்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு இடங்களில்தான் இருந்தன. குழாய்முனையில் கசியும் நீர் ஓஸின் முதுகு வழியாகவே வழிந்து, பத்தடி தள்ளி தொங்கும் வளைவில் சொட்டும். பார்க்கிறவர்கள் அந்த வளைவில்தான் ஓட்டை என்று சத்தியம் செய்வார்கள்.

முனைகளில் குற்றமில்லை என்றால், ஓஸை வெயிலில் காயவைத்துத் துணியால் துடைத்துவிடுங்கள். காய்ந்த தரையில் நேராக நீட்டிப் போட்டு, மறுமுனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு குழாயை மெதுவாகத் திறக்கச் சொல்லுங்கள். முதலில் நனையும் தரை காட்டிக்கொடுத்துவிடும். ஊசிமுனை ஓட்டையாக இருந்தால் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கரைத்துத் தடவி, சைக்கிள் பம்பால் காற்றடியுங்கள், குமிழி வரும். கண்டுபிடித்ததும் ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு நூலைக் கட்டிவைப்பது முக்கியம். சாக்பீஸ் ஈரத்தில் நிற்காது. "நினைவிருக்கும்" என்று விட்டுவிட்டுக் கடைக்குப் போய்வந்தால் மறுபடி முதலிலிருந்து தேட வேண்டியதுதான்.

குழாயில் மாட்டிய இடத்திலேயே பீய்ச்சி அடிக்கிறது. சில சமயம் ஓஸே கழன்று விழுகிறது. ஏன்?

முனை தளர்ந்துவிட்டது. தினமும் இழுத்து மாட்டிக் கழற்றும்போது ஓஸின் வாய் அகன்றுபோகிறது. இதற்குப் பசையும் வேண்டாம், புது ஓஸும் வேண்டாம். அகன்ற பகுதியை ஓர் இரண்டு அங்குலம் நேராக வெட்டி எறியுங்கள். அடுத்து இருக்கும் பகுதி புதிதாக, இறுக்கமாக இருக்கும். அந்த முனையை வெந்நீரில் ஒரு நிமிடம் வைத்து, இளகியதும் குழாயின் மூக்கில் நன்றாக உள்ளே தள்ளி, மேலே ஒரு கிளிப் (திருகு வைத்த உலோக வளையம்) போட்டுத் திருப்புளியால் முடுக்குங்கள். வேலை முடிந்தது.

கழன்று விழுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. மறுமுனையை அடைத்தால் தண்ணீரின் அழுத்தம் முழுவதும் ஓஸைக் குழாயிலிருந்து பிடுங்கப் பார்க்கும். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் என்றால், அரை இஞ்சு ஓஸைப் பிடுங்கும் விசை ஏறத்தாழ ஒன்றேகால் கிலோ. அதே அழுத்தத்தில் ஒரு இஞ்சு ஓஸுக்கு அது ஐந்து கிலோ. பெரிய ஓஸ் அடிக்கடி கழல்கிறது என்று அலுத்துக்கொள்கிறவர்களுக்கு இதுதான் விடை. பெரிய ஓஸுக்குக் கிளிப் இல்லாமல் கதையில்லை.

மூக்கு இல்லாத, வாய் மழுங்கிய சாதாரணக் குழாயாக இருந்தால் அதில் எந்த ஓஸும் நிலைத்து நிற்காது. ஓஸ் மாட்டுவதற்கென்றே வரிவரியாகப் பல் வைத்த மூக்குள்ள குழாய் கடையில் கிடைக்கிறது. தோட்டத்துக் குழாயை அதற்கு மாற்றிவிடுவது ஒரு நாள் வேலை. பல ஆண்டு நிம்மதி.

கிளிப் எதற்கு? கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினால் போதாதா?

அவசரத்துக்குப் போதும். ஆனால் கம்பி மெல்லியது. முழு இறுக்கமும் ஒரே கோட்டில் விழுந்து ஓஸைக் கத்திபோல் அறுத்துவிடும். இரண்டு மாதத்தில் கம்பி இருந்த இடத்திலேயே புது ஒழுகல் வரும். துருப்பிடித்த கம்பி முனை கையைக் குத்துவது தனிக் கதை. வேறு வழியில்லை என்றால், முதலில் சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டிச் சுற்றி, அதன் மேல் கம்பியைக் கட்டுங்கள்.

நடுவில் ஒரு சிறிய ஓட்டைதான். முள் குத்தியது. என்ன செய்யலாம்?

எந்தத் தண்ணீர் அந்த ஓஸில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இதை யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒட்டு நிற்பதும் பிய்வதும் இதில்தான் இருக்கிறது.

தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 கிலோ. மொட்டைமாடித் தொட்டி, மாடிக் குழாயிலிருந்து ஆறடி உயரத்தில்தான் இருக்கும். அங்கே அழுத்தம் அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இராது. ஒரு மாடி வீட்டின் தரைத்தளக் குழாயில் முக்கால் கிலோ வரை வரலாம். மோட்டாரிலிருந்து நேரே ஓஸ் மாட்டினால் கணக்கே வேறு. அரை எச்பி மோட்டார்கூட 20 மீட்டருக்கு மேல் தள்ளக்கூடியது. வாயை அடைத்தால் 2 கிலோவுக்கு மேல் ஏறிவிடும்.

ஆகவே மாடித்தோட்டக்காரர்கள் சுற்றுக்கட்டுப் போட்டுத் தப்பிக்கலாம். மோட்டார் தண்ணீர் விடுகிறவர்கள் அந்த ஆசையை விட்டுவிட்டு, ஓட்டை இருக்கும் துண்டை வெட்டி இணைத்துவிடுவதே நல்லது.

சுற்றுக்கட்டு இப்படி: பழைய சைக்கிள் டியூபில் ஓர் அங்குல அகலத்தில் இரண்டடி நீளப் பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பஞ்சர் கடையில் கேட்டால் சும்மாவே தருவார்கள். ஓஸைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். ஓட்டைக்கு மூன்று விரற்கடை முன்னால் தொடங்கி, பட்டையை அதன் நீளம் இரண்டு மடங்கு ஆகும் அளவுக்கு இழுத்துப் பிடித்தபடியே சுற்றுங்கள். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றில் பாதியை மூட வேண்டும். ஓட்டையைத் தாண்டி மூன்று விரற்கடை போய், அதே இறுக்கத்தோடு திரும்பி வந்து, கடைசி நுனியை முந்தைய சுற்றுக்கு அடியில் செருகி இழுத்துவிடுங்கள். அழுத்திப் பிடிப்பது ரப்பரின் இழுவிசை. இங்கே பசைக்கு வேலையில்லை. மேலே கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் வெயிலிலிருந்து ரப்பர் தப்பிக்கும். என் மாடி ஓஸில் இப்படி ஒரு கட்டு மூன்று கோடையைத் தாண்டியது.

வெறும் இன்சுலேஷன் டேப்பை மட்டும் சுற்றாதீர்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் அதன் பசை கூழாகிவிடும். தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் சிலிகான் டேப் கிடைத்தால் வாங்கலாம். அதையும் இழுத்துச் சுற்றினால்தான் பலன்.

செடிக்கு நீர் விட்டுக்கொண்டிருக்கும்போதே ஊசி ஓட்டை கண்ணில் பட்டால், விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துச் செருகி விடுங்கள். ஈரத்தில் ஊதி அடைத்துக்கொள்ளும். அன்றைய வேலை முடியும்வரை தாங்கும்; அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம்.

பசைகளில் எது நன்றாகப் பிடிக்கும்? எபாக்சி, பஞ்சர் சொல்யூஷன், பிவிசி சொல்யூஷன்?

எதுவும் நன்றாகப் பிடிக்காது. இதைச் சொன்னால் பலருக்கு முகம் வாடிவிடுகிறது. ஓட்டை என்றால் ஒட்டுவது என்றே நம் கை பழகியிருக்கிறது. ஆனால் ஓஸ் வளையும், நீளும், முறுகும்; நாளுக்குப் பத்து முறை இழுபடும். கெட்டியாக இறுகும் எந்தப் பசையும் அந்த வளைவோடு சேர்ந்து வளையாது.

இரண்டு உருண்டையாகப் பிசையும் எபாக்சி மக்கு இரும்புக் குழாய்க்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருமையான பொருள். ஓஸில் அது கல்லாகிவிடும். பக்கத்து வீட்டு மாமா ஒரு முறை தம் ஓஸுக்கு அதைப் பூசினார். பார்ப்பதற்குப் பொன்னுக்கு வீங்கி வந்த கன்னம்போல் இருந்தது. மறுநாள் ஓஸைச் சுருட்டினார். மக்கு அப்படியே முட்டை ஓடுபோல் கழன்று அவர் கையில் வந்தது.

உடனே ஒட்டும் பசையும் அப்படியே நொறுங்கும். பஞ்சர் சொல்யூஷன் ரப்பருக்கு ஆனது. நம் ஓஸ்களில் பெரும்பாலானவை ரப்பர் அல்ல, மென்மையாக்கப்பட்ட பிவிசி. அதில் பட்டை ஒட்டி இரண்டு நாள் இருக்கும், பிறகு ஓரத்திலிருந்து உரியும். பிவிசி சொல்யூஷன் பெயரளவில் பொருத்தமானதாகத் தோன்றினாலும், அது விறைப்பான குழாய்களுக்கான சரக்கு. மென்மையான ஓஸில் பூசிய இடம் விறைத்துவிடும்; அடுத்த விரிசல் அந்த விறைப்பின் ஓரத்திலேயே விழும்.

சூடான ஆணியால் உருக்கி மூடுவது என்று ஒரு வைத்தியமும் ஊரில் உலவுகிறது. பிவிசியை உருக்கும்போது கிளம்பும் காரமான புகையில் ஹைட்ரஜன் குளோரைடு இருக்கிறது. கண்ணையும் மூச்சுக்குழாயையும் எரிக்கும். அந்த வைத்தியம் வேண்டாம்.

சரி, வெட்டி இணைப்பது எப்படி? விவரமாகச் சொல்லுங்கள்.

இரண்டு முனையிலும் பல் வைத்த ஒரு ஜாயிண்ட், இரண்டு கிளிப், கூர்மையான கத்தி, ஒரு திருப்புளி, ஒரு டம்ளர் வெந்நீர். இவ்வளவுதான் தேவை. நேரம் பத்து நிமிடம்.

ஓட்டைக்கு இரு பக்கமும் நல்ல பகுதி வரும்வரை வெட்டுங்கள். கஞ்சத்தனம் கூடாது. ஓட்டையைச் சுற்றி ஓஸ் வெளுத்திருந்தாலோ மடிப்பு விழுந்திருந்தாலோ அந்தப் பகுதி முழுவதும் போக வேண்டியதுதான். வெட்டு நேராக இருக்க வேண்டும். சாய்வாக வெட்டினால் ஒரு பக்கம் பல்லில் ஏறும், மறுபக்கம் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ரம்பப் பிளேடு பிசிறு விடும், கத்திதான் நல்லது. எங்கள் வீட்டில் அரிவாள்மணையில் வெட்டியிருக்கிறேன். சுத்தமாக வெட்டும், வீட்டில் யாரும் பார்க்காமல் இருந்தால் உத்தமம்.

வெட்டியதும் முதல் வேலை, இரண்டு கிளிப்களையும் இரண்டு துண்டிலும் மாட்டிவிடுவது. கட்டைபோன்ற முனை உள்ள ஜாயிண்டைச் செருகிய பிறகு கிளிப் ஞாபகம் வந்து, மறுபடி பிடுங்கி, பிடுங்கும்போது முனை கிழிந்து, மறுபடி வெட்டி... நான் இதை ஒரு முறைக்கு மேல் செய்திருக்கிறேன்.

பிறகு ஒரு முனையை அடுப்பிலிருந்து இறக்கிய வெந்நீரில் ஓர் அங்குல ஆழத்துக்கு ஒரு நிமிடம் வையுங்கள். பிவிசி இளகிக் களிபோல் ஆகும். துணியால் பிடித்து, ஜாயிண்டை லேசாகத் திருகியபடி தள்ளுங்கள். பற்கள் எல்லாம் மறைந்து நடுவில் இருக்கும் தடுப்பில் ஓஸ் போய் முட்ட வேண்டும். பாதியில் நின்றால் மறுபடி வெந்நீர்தான். பலம் காட்டக் கூடாது. வழுக்குவதற்குத் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று கேட்கிறார்கள். உள்ளே போவதற்கு எண்ணெய் உதவுவதுபோலவே வெளியே வருவதற்கும் உதவும், அதுவும் ஆண்டுக்கணக்கில். சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும்.

கிளிப்பை விளிம்பில் முடுக்காதீர்கள். விளிம்பிலிருந்து ஒரு நெல் நீளம் உள்ளே தள்ளி, சரியாகப் பற்களின் மேல் உட்கார வையுங்கள். ஓஸ் கிளிப்பின் இரு பக்கமும் சற்றுப் பிதுங்கும் அளவுக்கு முடுக்கினால் போதும். அதற்கு மேல் முடுக்கினால் கிளிப்பின் ஓரம் வெட்டத் தொடங்கும். ஓஸ் ஆறியபின் இன்னொரு கால் சுற்று. மறுநாள் தண்ணீர் விட்ட பிறகு தளர்ந்திருந்தால் மேலும் ஒரு கால் சுற்று. மறுமுனைக்கும் இதே வேலைதான்.

உடனே குழாயை முழுதாகத் திறக்காதீர்கள். மெதுவாகத் திறந்து, வாயை அடைத்து, பத்து நிமிடம் பாருங்கள். ஜாயிண்டைச் சுற்றி ஒரு பழைய செய்தித்தாளைச் சுற்றி வைத்தால் கசிவு இருக்கிறதா என்று காகிதமே சொல்லிவிடும்.

கடையில் எந்த அளவு என்று கேட்கிறார்கள். எனக்கு அளவு தெரியாது.

வெட்டிய துண்டை எடுத்துக்கொண்டு போங்கள். வாயால் சொல்லும் விளக்கத்தைவிட ஓர் அங்குலத் துண்டு நூறு மடங்கு மேல். ஓஸின் அளவு உள்விட்டத்தைக் குறிக்கும்: அரை இஞ்சு என்றால் 12.5 மில்லிமீட்டர், முக்கால் இஞ்சு 19, ஒரு இஞ்சு 25. ஜாயிண்ட் உள்விட்டத்துக்கு, கிளிப் வெளிவிட்டத்துக்கு. ஒரே அரை இஞ்சு ஓஸ் மெலிதாகவும் தடியாகவும் வருவதால் கிளிப்பில்தான் ஏமாறுவோம்.

வீட்டிலேயே அளக்க ஒரு வழி இருக்கிறது. டிவி ரிமோட்டில் போடும் ஒல்லியான பேட்டரியின் விட்டம் பத்தரை மில்லிமீட்டர். அது அரை இஞ்சு ஓஸுக்குள் வழுக்கிக்கொண்டு போகும். சுவர்க் கடிகாரப் பேட்டரி 14 மில்லிமீட்டர். அது அரை இஞ்சில் எளிதில் நுழையாது, முக்கால் இஞ்சில் லொடலொடக்கும்.

பிளாஸ்டிக் ஜாயிண்டா பித்தளையா என்றால், மாடியில் பிளாஸ்டிக் போதும். தரையில் இழுபட்டு, காலில் மிதிபடும் ஓஸுக்குப் பித்தளை வாங்குங்கள். கடற்கரை ஊர்களில் இரும்புக் கிளிப் ஒரு மழைக்காலம் தாங்குவதே பெரிது. துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பையே கேட்டு வாங்குங்கள்.

ஞாயிற்றுக்கிழமை. கடை மூடியிருக்கிறது. ஜாயிண்ட் இல்லாமல் வெட்டி இணைக்க முடியுமா?

முடியும். எலக்ட்ரீசியன் விட்டுப்போன மின்வயர் பைப்புத் துண்டு வீட்டில் எங்காவது கிடக்கும். அது வெளிவிட்டத்தால் அளக்கப்படுவது. 20 மில்லிமீட்டர் பைப் முக்கால் இஞ்சு ஓஸுக்குள்ளும், 25 மில்லிமீட்டர் பைப் ஒரு இஞ்சு ஓஸுக்குள்ளும் வெந்நீர் வைத்தியத்தோடு இறுக்கமாக நுழையும். நான்கு அங்குலத் துண்டு போதும். முனையின் பிசிறைத் தேய்த்துவிடுங்கள். அதில் பல் இல்லை, வழவழப்பாக இருக்கும். ஆகவே கிளிப் கட்டாயம். அரை இஞ்சு ஓஸுக்கு இந்த வித்தை உதவாது.

இணையத்தில் வாங்கிய பித்தளைக் கனெக்டர் நம் குழாயில் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. டெஃப்லான் டேப் சுற்றியும் ஒழுகுகிறது.

மரை வேறு. நம் ஊர்க் குழாய்களின் முக்கால் இஞ்சு மரையில் அங்குலத்துக்கு 14 சுற்று. அமெரிக்கத் தோட்ட ஓஸ் மரையில் பதினொன்றரை. இரண்டும் முக்கால் இஞ்சு என்றே எழுதப்பட்டிருக்கும். எவ்வளவு டேப் சுற்றினாலும் இந்தச் சம்பந்தம் கூடாது. பலவந்தம் செய்தால் குழாயின் மரையும் கெடும். திருப்பி அனுப்பிவிடுங்கள்.

மரை பொருந்தியும் ஒழுகினால் உள்ளே இருக்கும் வாஷரைப் பாருங்கள். தட்டை வாஷர் வைத்த இணைப்பில் நீரைத் தடுப்பது வாஷர்தான், மரை அல்ல. அங்கே டேப் சுற்றுவது வீண் வேலை. வாஷர் இறுகிக் கறுத்திருந்தால் மாற்றுங்கள். அவசரத்துக்கு, தடித்த ரப்பரில் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து வெட்டி, நடுவில் துளையிட்டுப் போட்டாலும் வேலை செய்யும். வாஷர் இல்லாத வெறும் மரை இணைப்பில்தான் டேப்புக்கு வேலை. மரையின் முனை உங்களைப் பார்க்கும்படி பிடித்துக்கொண்டு, கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே உரிந்து வந்துவிடும்.

கன் மாட்டியதிலிருந்து ஓஸ் அடிக்கடி வெடிக்கிறது. கன் கோளாறா?

பழக்கக் கோளாறு. கன்னின் விசையை விட்டதும் தண்ணீர் நின்றுவிடுகிறது. குழாயை மூட மறந்து உள்ளே போய்விடுகிறோம். முழு அழுத்தமும் ஓஸுக்குள் அடைபட்டு நிற்கிறது. மேலே வெயில் காய்கிறது. சூட்டில் பிவிசி இளகி, பலவீனமான இடத்தில் பலூன்போல் வீங்கும். மாலையில் வந்து பார்த்தால் கிழிந்திருக்கும். வேலை முடிந்ததும் குழாயை மூடிவிட்டுக் கன்னை ஒரு முறை அழுத்தி அழுத்தத்தை வெளியேற்றுங்கள். மோட்டாரிலிருந்து நேரே மாட்டியிருந்தால் கன்னை மூடியபடி மோட்டாரை ஓடவிடவே கூடாது. ஓஸோடு போகாது, தண்ணீர் நகராமல் மோட்டாரும் சூடேறும்.

வீங்கிய இடத்தைக் கட்டுப்போட்டுச் சரிசெய்ய முடியாது. உள்ளே இருக்கும் நூல்வலை அறுந்துவிட்டது என்று பொருள். வெட்டி எறிந்து இணையுங்கள். நூல்வலையே இல்லாத மலிவு ஓஸ் என்றால் அடுத்த வீக்கம் வேறிடத்தில் வரும். அடுத்த முறை வலை வைத்ததாக வாங்குங்கள்.

கத்திரி வெயிலில் ஓஸ் விறைத்து, வளைத்தாலே விரிசல் விடுகிறது. மறுபடி இளக வைக்க முடியுமா?

முடியாது. பிவிசியை வளையவைப்பது அதில் கலந்திருக்கும் மென்மையூட்டி. வெயிலிலும் சூட்டிலும் அது மெல்ல மெல்ல வெளியேறிவிடும். வெந்நீரில் போட்டால் சூடு இருக்கும்வரை இளகும், ஆறியதும் பழையபடி விறைக்கும். நெடுக விரிசல் விட்ட ஓஸில் செலவழிக்கும் ஒவ்வொரு கிளிப்பும் வீண்.

எலியா, அணிலா தெரியவில்லை, யாரோ கடித்துவைக்கிறார்கள்.

தண்ணீரைத் தேடி ஒரு பக்கம். வாழ்நாள் முழுக்க வளரும் முன்பற்களைத் தேய்க்க ஒரு பக்கம். கொறித்த இடம் ஓட்டையாகாவிட்டாலும் சுவர் மெலிந்திருக்கும். அதையும் சேர்த்து வெட்டுங்கள். ஓஸைத் தரையில் போடாமல் சுவரில் மாட்டுங்கள். மாடியில் ஒரு சட்டியில் தண்ணீர் வைத்த பிறகு எங்கள் வீட்டில் அணில் கடி வெகுவாகக் குறைந்தது.

மோட்டாரின் உறிஞ்சும் பக்கத்து ஓஸில் ஒழுகலே இல்லை. ஆனால் மோட்டார் தண்ணீர் இழுக்க மறுக்கிறது.

அங்கே ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வராது. காற்று உள்ளே போகும். தண்ணீரில் குமிழி வருவதும், மோட்டாரை நிறுத்திய சற்று நேரத்தில் தண்ணீர் இறங்கிவிட்டு மறுபடி ஊற்ற வேண்டிவருவதும் அடையாளங்கள். உறிஞ்சும் பைப்பின் அடிநுனியில் தண்ணீர் திரும்பி இறங்காமல் தடுக்கும் ஃபுட் வால்வு கசிந்தாலும் இதே அடையாளம்தான், முதலில் அதைப் பாருங்கள். ஓஸ்தான் என்றால் மோட்டாரை நிறுத்திவிட்டு நீர் ஊற்றி நிரப்புங்கள். இப்போது ஓட்டை வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொள்ளும். முனைக்கு அருகில் என்றால் வெட்டிவிட்டு மறுபடி மாட்டி, ஒவ்வொரு பக்கமும் இரண்டு கிளிப் போடுங்கள். வெளியேற்றும் பக்கத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய சிறு கசிவு, உறிஞ்சும் பக்கத்தில் மோட்டாரையே முடக்கிவிடும்.

தண்ணீர் விட்டால் மூன்று மடங்கு நீளும் துணி ஓஸ் வாங்கினேன். உள்ளே வெடித்துவிட்டது.

முனைக்குப் பக்கத்தில் வெடித்திருந்தால் முனையைக் கழற்றி, உள் ரப்பரை வெட்டி மறுபடி மாட்டலாம். நடுவில் என்றால் விட்டுவிடுங்கள். எனக்கு அந்த வகையில் எப்போதும் நம்பிக்கை இருந்ததில்லை.

சொட்டு நீர்ப் பாசன லைன்?

16 மில்லிமீட்டர் ஜாயினர் போட்டால் முடிந்தது, கிளிப்பும் வேண்டாம். தவறாகக் குத்திய சிறு துளைக்குத் தனியாக அடைப்பான் கிடைக்கிறது.

ஒரு சொட்டுதானே விழுகிறது. செடிக்குத்தானே போகிறது. அப்படியே விட்டால் என்ன?

கணக்குப் பார்ப்போம். ஏறத்தாழ இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு. நான்கு லிட்டருக்கு மேல். ஊசிப் பீய்ச்சல் என்றால், ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடித்துப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்தால் நாளுக்கு 144 லிட்டர், ஏறத்தாழ பத்துக் குடம். குழாயைத் திறந்தபடி விட்டால்தான் இந்தக் கணக்கு. அரை மணி நேரம் நீர் விட்டு மூடிவிடுகிறவருக்கு நட்டம் மூன்று லிட்டர்தான். அதனால்தான் ஒழுகும் ஓஸைவிடத் திறந்து கிடக்கும் குழாய் மோசம் என்கிறேன்.

ஆனால் அந்தச் சொட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். மண்ணில் விழுந்தால் மண் குடித்துவிடும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டிலோ மாடியின் பள்ளத்திலோ தேங்கினால், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுபோன்ற தெளிந்த தேங்கு நீர்தான் பிடிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும்.

எத்தனை ஜாயிண்ட் வரை தாங்கும்? எப்போது புதிது வாங்கலாம்?

என் கணக்கு மூன்று. ஒவ்வொரு ஜாயிண்டும் உள்வழியைக் கொஞ்சம் குறுக்குகிறது. இழுக்கும்போது ஒவ்வொன்றும் தொட்டி விளிம்பில் மாட்டி, தக்காளிச் செடியைச் சாய்க்கிறது. நான்காவது ஓட்டை வந்தால் நல்ல பகுதிகளைச் சிறு ஓஸ்களாகப் பிரித்துவிட்டுப் புதிது வாங்குவேன்.

பழையதைத் தூக்கி எறியாதீர்கள். ஓரடித் துண்டை நெடுகக் கீறி அரிவாளின் வாய்க்கு உறையாகப் போடலாம். மரக்கன்றைக் கொம்போடு கட்டும் கயிற்றில் கோத்தால் பட்டை அறுபடாது. வாளிக் கைப்பிடிக் கம்பியில் போட்டால் கை வலிக்காது. ஒரு முனையை அடைத்து, முழ நீளத்துக்கு ஒரு துளை குத்தி, வாழைக்கோ முருங்கைக்கோ சுற்றிப் போட்டால் ஒழுகுவதே அதன் வேலையாகிவிடும். கண்ணாடிபோல் ஊடுருவித் தெரியும் ஓஸாக இருந்தால் கொத்தனாரிடம் கொடுங்கள். தண்ணீர் நிரப்பித் தளமட்டம் பார்ப்பதற்கு அவர் வைத்துக்கொள்வார்.

புது ஓஸை எப்படி வைத்துக்கொள்வது?

நிழலில். ஆணியில் தொங்கவிடாதீர்கள், தொங்கும் இடத்தில் மடிப்பு விழும். பழைய ஸ்கூட்டர் டயரையோ உடைந்த வாளியையோ சுவரில் அடித்து, அதன் மேல் பெரிய வளையங்களாகச் சுற்றுங்கள். சுற்றும் முன் உள்ளே இருக்கும் தண்ணீரை வடித்துவிடுங்கள். வெயிலில் கிடந்த ஓஸில் முதலில் வரும் தண்ணீர் கை பொறுக்காத சூட்டில் இருக்கும். அதைக் கீரைப் பாத்தியில் விட்டு, மறுநாள் கீரை வாடியதற்கு உரத்தைக் குறைசொன்னவன் நான். இப்போதெல்லாம் முதல் அரை நிமிடத் தண்ணீர் வாளிக்குத்தான். ஆறியபின் அதுவும் செடிக்கு.